மேஜையில் கோணல், தோளில் நேர்

போன மாதம் திண்டிவனத்தில் ஒரு தையல் பயிற்சி நிலையத்துக்கு என்னைப் பேச அழைத்திருந்தார்கள். நாற்காலி நாற்பத்திரண்டு, வந்தவர்கள் இருபத்தொன்பது பேர். மின்விசிறி ஆறில் இரண்டு ஓடவில்லை. ஓடாத இரண்டில் ஒன்றுக்குக் கீழேதான் என்னை உட்கார வைத்தார்கள்.

ஆசிரியை கணினித் திரையில் ஒரு ரவிக்கையின் வலப்பாதியை வரைந்தார். பிறகு ஒரு விசையைத் தட்டினார். இடப்பாதி தானாக வந்து உட்கார்ந்தது. பெண்கள் கை தட்டினார்கள். அந்தக் காரியத்தை நான் கணினி இல்லாமலே ஒரு பெண்ணின் கல்யாண ரவிக்கையில் செய்தவன்.

"அந்தக் காலத்துல தையல்னு சொன்னாங்க, இப்ப டிசைன்னு சொல்றோம். இது ஒரு கலை" என்றார் ஆசிரியை. முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து, "ஐயா, நீங்க எத்தனை டிசைன் பண்ணியிருக்கீங்க?" என்று கேட்டாள். "ஒன்றும் இல்லை. ஒன்றைப் பார்த்திருக்கிறேன். அதையும் நான்தான் முதலில் கெடுத்தேன்" என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று சிரித்தார்கள். எழுதித் தாருங்கள், எங்கள் ஆண்டு மலரில் போடுகிறோம் என்றார் ஆசிரியை. எழுதியிருக்கிறேன். வெட்டாமல் போட்டால் நல்லது.

நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன். குமாஸ்தா வேலைக்குப் பதினொரு மனு போட்டேன். இரண்டுக்குத்தான் பதிலாவது வந்தது. ஐம்பதுகளில் விழுப்புரத்தில் ரயில் நிலையம் போகும் சாலையில் இருந்த ஒரு தையல் கடையில் சேர்ந்தேன். ஏழு மிஷின். ரயில்வேக்காரர்களின் காக்கி உடுப்புதான் பெரும்பாலான வேலை. பதினான்கு மாதம் பொத்தானுக்குக் காஜா மட்டும் போட்டேன். ஒரு காஜாவுக்கு இத்தனை தையல் என்று நான் எண்ணிக்கொண்டே போடுவதைப் பார்த்து எனக்குக் 'கணக்கு' என்று பேர் வைத்தார்கள். அடுத்த மிஷின் தங்கராசு, "எஸ்.எஸ்.எல்.சி. படிச்ச கையிடா இது, காஜாவுக்குக் கூட மார்க்கு போடும்" என்பான். மூன்றாம் வருடம் கத்தரி என் கைக்கு வந்தது. பயிற்சிக் காலத்தைப் பற்றி இவ்வளவு போதும்.

வெட்டுகிறவர் மஸ்தான் மாஸ்டர். ஒல்லியான மனிதர். கத்திப் பேசிக் கேட்டதே இல்லை. யாராவது பிழை செய்தால் அந்தத் துணியை வாங்கி எதிர்ச்சுவர் ஆணியில் மாட்டுவார். முக்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே டீ குடிப்பார். டீ முடிகிற வரைக்கும் ஒரு சொல் வராது. ஏழு மிஷினும் தானாக மெதுவாகும். திட்டிவிட்டால் தேவலை என்று இருக்கும். டீ முடிந்ததும், "கழட்டு" என்பார். பிழைக்காரன் உட்கார்ந்து தையலைப் பிரிப்பான்.

அந்நாளில் பெண்கள் மேல் நாங்கள் டேப் வைப்பதில்லை. அவர்கள் கடைப்படி ஏறுவதே அபூர்வம். அண்ணனோ தம்பியோ ஒரு பழைய ரவிக்கையைக் கொண்டுவந்து தருவார்கள். அதற்கு அளவு ரவிக்கை என்று பேர். அதை ஊக்கு மாட்டி, முதுகு நடுவில் சரிபாதியாக மடித்து, தோளோடு தோள், கையோடு கை சேர்த்து மேஜையில் தட்டி விரிப்போம். வலப்பாதியில் ஒன்பது அளவு எடுப்போம்: நீளம், தோள், மார்பு, இடுப்பு, கை நீளம், கைச்சுற்று, அக்குள் இறக்கம், முன்கழுத்து, பின்கழுத்து. புதுத் துணியையும் அதேபோல் இரண்டாக மடித்து, ஒரு பாதியில் மட்டும் சாக்கட்டியால் கோடு போட்டு, இரண்டு மடிப்பையும் சேர்த்து ஒரே வெட்டாக வெட்டுவோம். ஆகையால் எங்கள் கடையில் தைத்துக்கொண்ட பெண்கள் எல்லாருக்கும் இரண்டு தோளும் ஒன்றேதான். பிறவி எப்படி இருந்தாலும் எங்களுக்குக் கவலையில்லை.

மாஸ்டரின் சட்டம் இரண்டு. தையலுக்கு உள்ளே ஒரு அங்குலம் துணி விட வேண்டும். பின்னால் பெரிதாக்க உதவும். வெட்டி மிஞ்சிய துண்டுகளை ரவிக்கையோடு சேர்த்து முடிந்து கொடுத்துவிட வேண்டும்.

ஒரு நாள், மாஸ்டர் நூல் வாங்கப் புதுச்சேரி போயிருந்தபோது, பலராமன் என்று ஒருவர் வந்தார். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் கரும்பு வைக்கிற குடும்பம். கையில் ஒரு பட்டுத் துண்டும் ஓர் அளவு ரவிக்கையும்.

"தங்கச்சிக்குக் கல்யாணம்ங்க. வர்ற வியாழக்கெழம, திருவாமாத்தூர் கோயில்ல. மாப்பிள்ளை திண்டிவனத்துல வாத்தியாரு. துணி அவங்க வூட்டுதுங்க. விழுப்புரத்துல மிஷின்ல குடுத்துத் தைக்கணும்னு சம்பந்தியம்மா ஒத்தக்கால்ல நிக்கறாங்க."

"திங்கக்கிழமை வாங்கிக்குங்க" என்றேன்.

"இந்தத் துணி இவ்வளவுதான்ங்க, வேற கெடையாது. பாத்து."

"இஞ்ச் பிசகாதுங்க" என்றேன். அதைச் சொன்ன வாயை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அளவு ரவிக்கை கட்டம் போட்ட பருத்தி. கையால் தைத்தது. மடித்துப் போட்டால் இரண்டு பாதியும் சேரவில்லை. வலத்தோள் இடத்தோளைவிட முக்கால் அங்குலம் இறக்கம். வலக்கை அரை அங்குலம் குட்டை. வலப்பக்க அக்குளில், இடப்பக்கம் இல்லாத ஒரு சின்ன முக்கோணத் துண்டு. முதுகில் கட்டங்கள் எல்லாம் வலப்புறம் ஏறிச் சாய்ந்து கிடந்தன.

தங்கராசு எட்டிப் பார்த்தான். "என்னாடா கணக்கு, கட்டமெல்லாம் கள்ளு குடிச்சிட்டு வந்த மாதிரி சாஞ்சிக்கினு கெடக்குது?"

"கைத்தையல். கோணல்மாணலாக் கெடக்கு. பத்து இடத்துல தப்பு."

"எண்ணிட்டியா அதுக்குள்ள?"

எண்ணியிருந்தேன். வழக்கப்படி வலப்பாதியை அளந்திருக்க வேண்டும். அது பிழை என்று முடிவு கட்டி, ஒழுங்காக இருந்த இடப்பாதியை அளந்தேன். பட்டை மடித்து வெட்டினேன். உள்ளே ஒரு அங்குலம் விடவில்லை. கால் அங்குலம்தான் விட்டேன். அப்போதுதான் பின்முதுகு சுருக்கமில்லாமல் கச்சிதமாக விழும் என்று எனக்கு ஒரு கர்வம். மிஞ்சியது ஐந்து துண்டு. முடிந்து வைத்தேன். திங்கட்கிழமை பலராமன் வாங்கிக்கொண்டு போனார். இப்படி ஒரு நேர்த்தியான ரவிக்கையை அதற்கு முன்னால் நான் தைத்ததில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, பத்தரை மணி. கடை வாசலில் பலராமன் நின்றார். பின்னால் ஒரு அத்தை. அத்தைக்குப் பின்னால் ஒரு பெண், முந்தானையை இரண்டு தோளையும் மூடிப் போர்த்திக்கொண்டு.

"என் தங்கச்சியை நாசம் பண்ணிட்டீங்களேடா!" என்றார் பலராமன். ரவிக்கை மேஜையில் வந்து விழுந்தது.

ஏழு மிஷினும் நின்றன. அத்தைதான் விஷயத்தைச் சொன்னாள். அஞ்சலை என்கிற அந்தப் பெண்ணுக்கு எட்டு வயதில் கிணற்று மேட்டில் விழுந்து தோள் எலும்பு உடைந்திருக்கிறது. கட்டுப் போட்டதில் எலும்பு இறங்கிக் கூடிவிட்டது. "எங்க ஊருல பாதிப்பேருக்குத் தெரியாதுங்க. அவ ஜாக்கெட்டு தைச்சுப் போட்டுக்கறது அப்படி. சம்பந்தியம்மா வந்து பாத்தாங்க, அவங்களுக்கே தெரியல. இப்ப நீங்க தைச்சதைப் போட்டா தோளு தொங்குது. பந்தல்ல பாத்துட்டு, ஊனத்த மறைச்சிட்டீங்கன்னு எழுந்து பூட்டாங்கன்னா?"

மாஸ்டர் புதுச்சேரியிலிருந்து திரும்பியிருந்தார். பின்கட்டில் இருந்த தம் மனைவியைக் கூப்பிட்டார். "பொண்ண உள்ள கூட்டிக்கினு போ. இவன் தைச்சதைப் போட்டுக்கினு வரச் சொல்லு." என்னிடம், "நில்லு இங்க" என்றார்.

அவள் வந்து பத்தடி தள்ளி, முதுகு காட்டி நின்றாள். முந்தானை இடத்தோளில் போட்டிருந்தாள். வலப்பக்கம் முழுக்கத் தெரிந்தது. நான் பார்த்தேன். வலத்தோளில் பட்டு பிதுங்கி நின்றது. கழுத்து வெட்டு ஒரு பக்கமாக வழுகியது. கைக்கரை இரண்டும் வேறு வேறு உயரத்தில். அவள் தோள் இறங்கியிருப்பதை ஊருக்கே படித்துச் சொல்கிற மாதிரி இருந்தது என் ரவிக்கை. இத்தனைக்கும் அதில் ஒரு தையல்கூடப் பிசகில்லை.

"பாத்தியா?" என்றார் மாஸ்டர். "இப்ப அவளோடதைப் போட்டுக்கினு வரட்டும்."

கட்டம் போட்ட ரவிக்கையில் வந்து நின்றாள். என் கண்ணையே நான் நம்பவில்லை. மேஜையில் கள்ளு குடித்தமாதிரி கிடந்த கட்டங்கள் அவள் முதுகில் பள்ளிக்கூடத்துக் கோடு போட்ட நோட்டுப்போல் நேராக நின்றன. கைகள் இரண்டும் ஒரே மட்டம். தோள் எங்கே இறங்குகிறது என்று தேடினாலும் தெரியவில்லை. பத்துத் தப்பு என்று நான் எண்ணியவை பத்தும் வேண்டுமென்றே செய்தவை.

மாஸ்டர் அதை வாங்கிவரச் சொல்லி, உள்புறம் வெளியே வரும்படித் திருப்பி, ஆணியில் மாட்டினார். டீ வந்தது. அதுவரை பிழைகள் மட்டும்தான் அந்த ஆணியில் தொங்கியிருந்தன. டீ ஆறிப்போயிற்று, அவர் குடிக்கவில்லை.

"யாரும்மா வெட்டினது?"

"நான்தாங்க."

"டேப்பு இருக்குதா வூட்ல?"

"இல்லீங்க. வெரலுதாங்க. தண்ணித் தொட்டியில தோளு தெரியும், பாத்துக்குவேன்."

பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"இத யாருக்குத் தைச்சீங்கண்ணா?"

"உனக்குத்தாம்மா."

"எனக்கு இல்லீங்க. மேஜைக்குத் தைச்சிருக்கீங்க."

தங்கராசு சிரித்துவிட்டான். மாஸ்டர் சிரிக்கவில்லை. முக்காலியை விட்டு எழுந்தார். எங்கள் யாரையும் தொடவிடாத தம் கத்தரியை, பிடி அவள் பக்கம் இருக்கும்படி மேஜையில் வைத்தார். "நீயே பண்ணும்மா. இவன் கழட்டட்டும். மிஷின் ஓட்டறதுக்கு நான் இருக்கேன்."

"மாஸ்டரு, பொண்ணு கடையில குந்திக்கினு..." என்று பலராமன் இழுத்தார்.

"கல்யாணம் வியாழக்கெழம. ஜல்தி" என்றார் மாஸ்டர்.

தோள் தையல், வலக்கை, வலப்பக்கம்: மூன்றையும் நான் பிரித்தேன். உடனே அடுத்த இடி. தோளை இறக்கினால் அக்குள் பிடிக்கும். அங்கே கொடுக்கத் துணி வேண்டும். நான் விட்டிருந்தது கால் அங்குலம். "ஏன் இவ்வளவு ஒட்ட வெட்டினே?" என்று மாஸ்டர் கேட்டார்.

அஞ்சலை ஐந்து துண்டுகளையும் மேஜையில் பரப்பினாள். ஒன்று அக்குள் முக்கோணத்துக்கு ஆயிற்று. ஆனால் பட்டு பருத்தியைப் போல் இல்லை. ஒட்டுப் போட்ட இடம் பளபளப்பில் தெரிந்தது. பிரித்த தையலின் ஊசித் துளைகளும் முதுகில் வரிசையாகத் தெரிந்தன. எனக்குத் தெரிந்த ஒரே வழி மறைப்பது. "முந்தானையை இன்னும் கொஞ்சம் இழுத்து விட்டுக்கலாம்" என்றேன்.

"அத எத்தினி நாழி இழுத்துக்கினு நிக்கறது?" என்றாள்.

கரை உள்ள துண்டுகள் இரண்டை எடுத்தாள். சுண்டு விரல் அகலத்துக்கு வெட்டிச் சேர்த்து ஒரு பட்டி ஆக்கினாள். அந்தப் பட்டியை, எந்த இடத்தை எல்லாரும் மறைப்பார்களோ அங்கிருந்தே தொடங்கினாள்: வலத்தோளின் இறக்கத்தில். அங்கிருந்து முதுகின் குறுக்கே சாய்வாக இறக்கி, இடப்புற இடுப்பில் முந்தானைக்கு அடியில் கொண்டுபோய் முடித்தாள். துளைகள் அதற்கடியில் போயின; கண் பட்டிக்குப் போனதில் அக்குள் ஒட்டு படவில்லை. டேப்பைத் தொடவில்லை. குண்டூசி குத்துவாள், உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்து மாஸ்டர் மனைவியிடம் காட்டுவாள், வந்து நூல் அளவு நகர்த்துவாள். நான்கு முறை போய் வந்தாள். மூன்றாவது முறை அத்தை சொன்னாள்: "கோணக்கோடு போட்டா கோணலு தெரியாதாடி?"

"தெரியட்டும் அத்தே. கோடு சாயறதுன்னு நெனப்பாங்க. தோளுன்னு நெனக்க மாட்டாங்க."

நான்கு மணிக்கு மாஸ்டர் கடைசித் தையலை ஓட்டினார். அவள் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். நான் தைத்ததைவிட நேராக இருந்தது என்று சொன்னால் போதாது. கண் தோளில் ஏறி, பட்டியோடு வழுக்கி, முந்தானைக்குள் போய் மறைந்தது. மறுபடி தோளுக்கு வந்தது. நான் அங்குலத்தையும் தையலையும் தவிர ஒரு துணியில் வேறு எதையும் அதுவரை பார்த்ததில்லை. பார்க்க இருக்கிறது என்பதே அன்றுதான் தெரிந்தது. மாஸ்டர் கத்தரியை எடுத்து உறையில் போட்டுவிட்டு, அன்றைக்கு வேறு எதையும் வெட்டவில்லை.

வியாழக்கிழமை, "ஊசி நூல் எடுத்துக்கினு திருவாமாத்தூர் போ. பட்டி பிரிஞ்சா நீதான் பொறுப்பு" என்று என்னை அனுப்பினார். கோயில் மண்டபத்தில் ஏழாவது தூணுக்குப் பின்னால் நின்றேன். சாப்பிடக் கூப்பிட்டார்கள், போகவில்லை. தாலி கட்டி முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் சுற்றி வரும்போது மாப்பிள்ளையின் அம்மா பெண்ணை நிறுத்தினாள். முதுகில் விரல் வைத்து, பட்டியைத் தொட்டு, இடுப்பிலிருந்து மேலே ஏறினாள். விரல் தோளை நோக்கிப் போனது. பலராமன் வெற்றிலைத் தட்டோடு அப்படியே நின்றார்.

விரல் தோளுக்கு நான்கு விரற்கடை கீழே நின்றது.

"இன்னாடி இது, புதுசாக் கீது? பட்டணத்துத் தையலா?"

"விழுப்புரம்ங்க அத்தே."

"என் பெரியவளுக்கும் இப்படியே சாய்ச்சு வேணும். சொல்லி வை."

அடுத்த ஆறு மாதத்தில் சாய்வுப் பட்டி கேட்டு வந்தவர்கள் முப்பத்தொரு பேர். ஒழுங்கான தோள் உள்ள முப்பத்தொரு பேர் ஒரு கோணல் தோளின் ரவிக்கையைக் கேட்டார்கள். எல்லாம் தைத்தோம். அளந்து, பிசகாமல், நானே பட்டி வைத்தேன். ஒன்றுகூட அது மாதிரி அமையவில்லை. முதுகில் நாடா ஒட்டியது மாதிரி இருந்தது. "அது அந்தப் பொண்ணு தோள்ல பொறந்த கோடுடா, கணக்கு. இதுங்களுக்கு அது வெறும் பட்டி" என்றார் மாஸ்டர்.

அறுபதுகளில் நான் திண்டிவனத்துக்கு வந்து சொந்தமாகக் கடை வைத்தேன். பஸ் நிலையத்துக்கு எதிரில், இரண்டு மிஷின். கடை வைத்த இரண்டாம் வருடம் ஒரு நாள் முற்பகலில் அஞ்சலை வந்தாள். நான் கேட்க நினைத்து வருடக்கணக்காக உள்ளே கிடந்ததைக் கேட்டேன்.

"வாத்தியாருக்கு... பின்னால தெரிஞ்சப்ப, ஒண்ணும் சொல்லலியாம்மா?"

"அவருக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியுங்கண்ணா. நானே நாலு வரி எழுதி அவரு தங்கச்சி கையில குடுத்து அனுப்பினேன். சரின்னுதான் வந்தாரு."

"அப்ப அன்னிக்கு அவ்வளவு பாடுபட்டது?"

"மாமியாருக்குத் தெரியாதே. அது ஒண்ணு. அது போவட்டும்ங்க. அம்மாம் பேரு முன்னாடி எப்படி நிக்கணும்னு நான்தானே சொல்லணும்? எங்க அண்ணனா சொல்றது? இல்ல நீங்களா?"

"மாமியாருக்கு எப்பதான் தெரிஞ்சுது?"

"மூணாம் நாளு. எண்ணெ தேய்ச்சு விடறேன்னு கூப்பிட்டாங்க, அவ்ளோதான். மூணு நாள் என்னாண்ட பேசல. நாலாம் நாளு அவங்க ஜாக்கெட்டு நாலைக் கொண்டாந்து போட்டாங்க. அவங்களுக்கு எடது தோளு எறக்கம்! யாருக்கும் தெரியாம இத்தினி வருசம் முந்தானையை இழுத்துக்கினே இருந்திருக்காங்க, பாவம்."

சிரித்து முடித்து, பையிலிருந்து ஒரு மெல்லிய நீலப் பருத்தித் துணியை எடுத்தாள். பள்ளிக்கூட ஆண்டு விழா, தைக்க நேரமில்லை என்றாள். நான் அளவு ரவிக்கைக்குக் கை நீட்டினேன். "அது வேணாம். டேப்பை எடுங்க" என்றாள். என் மனைவியை வரச்சொல்லி, அவள் டேப் பிடிக்க, நான் எழுதிக்கொண்டேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரே ஆளுக்குப் பதினெட்டு அளவு எழுதினேன். வலம் ஒன்பது, இடம் ஒன்பது. துணியை மடிக்காமல் ஒவ்வொரு பாதியாக வெட்டினேன். உள்ளே ஒரு அங்குலம் விட்டேன். இம்முறை தோள் உட்கார்ந்தது, அக்குள் பிடிக்கவில்லை, கைகள் ஒரே மட்டத்தில் நின்றன.

போட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். "எல்லாம் சரியாக் கீதுங்கண்ணா" என்றாள். நல்ல பெண், அதற்குமேல் சொல்லவில்லை. ஆனால் போகும்போது கழுத்துப் பக்கத்தை இரண்டு விரலால் தடவிக்கொண்டே போனாள். எனக்கு அது போதும், தூக்கம் கெட்டது.

ஒன்பதாம் நாள் கால்சட்டைக்காக ஒரு போலீஸ்காரர் கடையில் காத்திருந்தார். எதிர்ச்சாரியில் அஞ்சலை பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அதே நீல ரவிக்கை. பின்கழுத்தைப் பிரித்திருந்தாள். நான் வட்டமாக வெட்டியதை வலப்புறம் ஒரு விரல் ஆழமாக இறக்கி, இடப்புறம் ஏற்றி, ஓரத்தில் அதே துணியில் மெல்லிய மடிப்பு ஒன்று ஓடவிட்டிருந்தாள். என் பதினெட்டு அளவில் ஒன்றையும் மாற்றவில்லை. ஆனால் அது என் ரவிக்கை இல்லை. கழுத்து, பின்னல், இறங்கிய தோள் எல்லாம் சேர்ந்து ஒரே கோடாக நடந்து போயிற்று. கத்தரி கையில் இருக்க, நான் படியிறங்கித் தெருவுக்கே வந்துவிட்டேன்.

"என்னா மாஸ்டரே," என்றார் போலீஸ்காரர், "வாத்தியார் சம்சாரம் போறதை வாயப் பொளந்துக்கினு பாக்கறீங்க?"

"வாய மூடிக்கினு பாக்கற மாதிரியாங்க தைச்சிருக்காங்க?" என்றேன்.